பாலியேட்டிவ் கேரில் நர்ஸிங் ஆராய்ச்சி: போஸ்ட் டெஸ்ட்டுக்கு ஆள் இருக்குமா?

கேள்வி, 1 மே 2025

எம்.எஸ்சி. நர்ஸிங் முதல் வருடம். ஆய்வுத் தலைப்பு கேட்டுவிட்டார்கள். எனக்குப் பாலியேட்டிவ் கேர் (குணப்படுத்த முடியாத, நீண்ட நாள் நோய்களில் வலியையும் கஷ்டத்தையும் குறைக்கும் கவனிப்பு) எடுக்க ஆசை. ஆய்வுக்கு முன்னால் ஒரு தடவை அளப்பது ப்ரீ டெஸ்ட், பின்னால் அளப்பது போஸ்ட் டெஸ்ட். சீனியர் ஒருவர் சொல்கிறார்: "சாகப்போறவங்களை வச்சு என்ன ஆராய்ச்சி? ப்ரீ டெஸ்ட் எடுத்துட்டு வருவ, போஸ்ட் டெஸ்ட்டுக்கு ஆள் இருக்காது. பேசாம சர்க்கரை நோயாளிக்கு ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் எடு, மூணு வாரத்துல முடிஞ்சிடும்." அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில், 2 மே, இரவு

சீனியர் சொன்னதில் ஆள் குறையும் என்பது உண்மை. அதனால் ஆராய்ச்சிக்கு இடமில்லை என்பது சோம்பேறித்தனம்.

வேலூரைச் சுற்றி வீடு வீடாகப் போகிற வேலை எனக்கு. காட்பாடி, கே.வி. குப்பம், குடியாத்தம், இந்தப் பக்கம் ஒடுகத்தூர் மலையடிவாரம் வரை. புற்றுநோய், பக்கவாதம், முதுகுத்தண்டு அடிபட்ட பையன்கள், கிட்னி. இவர்களில் பலர் இன்னும் பத்து வருடம் இருப்பார்கள். பாலியேட்டிவ் என்றாலே கடைசி வாரம் என்று நினைப்பதை முதலில் விடுங்கள்.

சீனியர் சொன்ன ஸ்ட்ரக்சர்டு டீச்சிங், அதாவது நோயாளிக்குப் பாடம் நடத்தி அளக்கும் ஆய்வைப் பற்றி ஒன்று. நாற்பது கேள்வி, ப்ரீ டெஸ்ட், அரை மணி நேரம் ஃபிளிப் சார்ட், ஏழாம் நாள் போஸ்ட் டெஸ்ட். மார்க் கூடும். கூடாமல் எங்கே போகும்? பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதே கேள்வியைத்தானே கேட்கிறோம். அந்த மனிதர் மறுநாள் காலையில் செருப்பில்லாமல் கொல்லைக்குப் போனாரா என்று பார்க்க யாரும் போவதில்லை.

3 மே

"நர்ஸ் ஆராய்ச்சியால் இதுவரை என்னதான் மாறியது?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். கிண்டலாகத்தான் கேட்கிறார், இருந்தாலும் பதில் இருக்கிறது.

படுக்கைப்புண். பிரிட்டனில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ் 1962-ல் முதியோர் வார்டுகளில் செய்த ஆய்வை வெளியிட்டார். அதுவரை முதுகில் ஸ்பிரிட், களிம்பு என்று ஒவ்வொரு வார்டிலும் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்ப்பது முக்கியமில்லை, அழுத்தத்தை எடுப்பதுதான் முக்கியம் என்று காட்டியது அந்த ஆய்வு. படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணிக்க இன்று பல கேஸ் ஷீட்டில் இருக்கிற பிரேடன் ஸ்கோர் 1987-ல் வந்தது. அதை உருவாக்கிய பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் இருவரும் நர்ஸ்கள். 6 முதல் 23 வரை. எண் குறையக் குறைய ஆபத்து.

அதே பெர்க்ஸ்ட்ராம் பிறகு நம் வேதவாக்கிலேயே கை வைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பு என்றுதானே நமக்குச் சொல்லித் தந்தார்கள்? அமெரிக்கா, கனடாவில் 27 முதியோர் இல்லங்கள், 942 பேர். இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று பிரித்துத் திருப்பிப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது: அடர்த்தியான ஃபோம் மெத்தை இருந்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இது ஒரு மனைவிக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பகலில் கூலி வேலைக்குப் போய்விட்டு ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழும் பெண்ணிடம், மெத்தை சரியாக இருந்தால் நாலு மணி நேரம் தூங்கலாம் என்று சொல்ல முடியும். ஆனால் அந்த 'மெத்தை சரியாக இருந்தால்' என்பதில்தான் நம் ஊர் மாட்டிக்கொள்கிறது. இங்கே இருப்பது கயிற்றுக் கட்டில், பழைய இலவம்பஞ்சு மெத்தை, யாரோ கொடுத்த தண்ணிப் படுக்கை. கயிற்றுக் கட்டிலில் எத்தனை மணி நேரம்? இதை இங்கே இருக்கிற நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

3 மே, கொஞ்சம் கழித்து

காத்துப் படுக்கை வாங்கச் சொல்லலாமே என்கிறார் ஒருவர். வாங்குகிறார்கள். ராத்திரி கரண்ட் போனால் காத்து இறங்கிவிடும். மோட்டார் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று பாட்டி பிளக்கைப் பிடுங்கிவிடும். இவை எந்தக் கட்டுரையிலும் வராது.

5 மே

வலி அளவைப் பற்றி. பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு எண் சொல்லுங்கள் என்கிறோம். பலர் எல்லா நாளும் "பத்து" என்பார்கள். சிலர் சிஸ்டர் மனசு கஷ்டப்படக் கூடாது என்று "அஞ்சு". சிரிக்கும் முகம், அழும் முகம் படத்தைக் காட்டினால் அது குழந்தைகளுக்கு உள்ளது என்று கோபம் வேறு.

குடியாத்தம் பக்கம் ஓர் அக்கா. மார்பகப் புற்று, முதுகெலும்பில் பரவியிருந்தது. பீடி சுற்றுகிறவர். மடியில் முறம், முறத்தில் தூள், நறுக்கிய இலை, கத்தரிக்கோல். அளவு கேட்டால் சிரிப்பார். ஒருநாள் அவரே சொன்னார்: "நல்லா இருந்தா ஆயிரம் சுத்துவேன் சிஸ்டர். நேத்து முன்னூறுலயே குனிய முடியாம எடுத்து வச்சிட்டேன். மாத்திரை மாத்தினப்புறம் இன்னிக்கி ஆறுநூறு." இவருக்கா எண் சொல்லத் தெரியாது? பத்தாம் வயதிலிருந்து கட்டுக் கட்டாக எண்ணிக்கொண்டிருக்கிறவர். நாம் கேட்ட எண்தான் அவருக்கு ஒட்டவில்லை.

அந்த வீட்டில் கம்பெனிக்குக் கணக்கு எழுதும் சின்ன நோட்டு இருந்தது. எங்கள் ஃபைலில் இருந்ததைவிட நேர்மையான வலி ரெக்கார்டு அதுதான் என்று அன்று உணர்ந்தேன்.

6 மே

பீடி நோட்டைப் பற்றி ஒரு புள்ளிவிவர ஆசிரியர் நன்றாகவே மடக்கியிருக்கிறார்: ஏஜென்ட் இலை குறைவாகக் கொடுத்த வாரமும் எண் குறையுமே, அதையும் வலி என்று எழுதுவீர்களா?

நியாயமான கேள்வி. மழைக்காலத்தில் தூள் ஈரமானாலும் குறையும், பேரனுக்குக் காய்ச்சல் என்றாலும் குறையும். அதனால் பீடி எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வு எழுத முடியாது. பூஜ்யம்-பத்து எண்ணையும் கேட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், அன்று எவ்வளவு இலை வந்தது என்பதையும் எழுத வேண்டும். பீடி எண்ணும் வலி எண்ணும் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதே ஓர் ஆய்வு. தறி ஓட்டுகிறவருக்கு முழம், பூ கட்டுகிறவருக்கும் முழம், மாடு வைத்திருக்கிறவர் எத்தனை தடவை கொட்டகைக்குப் போய் வந்தார் என்பது. யாராவது எடுத்துச் செய்யுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன்.

8 மே

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். இருபத்து நாலு வயதாம். சரி, இனிமேல் 'நீ'தான்.

போஸ்ட் டெஸ்ட் பயத்துக்கு வருகிறேன். முதலாவது, இடைவெளியைக் குறை. முப்பது நாள் கழித்து அளக்காதே. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் ஆரம்பித்தால் மறுநாளே தெரியும், புண் நாற்றத்துக்கு மருந்து போட்டால் சில நாளில் தெரியும். இரண்டாவது, ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிடு, நேற்று இன்று என்று. மூன்றாவது, இடையில் இறந்தவரை 'சாம்பிள் போய்விட்டது' என்று கணக்கிலிருந்து தூக்கிவிடாதே. எந்த நாளில் போனார், அதுவரை எப்படி இருந்தார் என்பதும் உன் முடிவில் வர வேண்டும். எல்லாரையும் கடைசி வரை வைத்திருந்ததாகக் காட்டும் பாலியேட்டிவ் ஆய்வைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

பார்த்துக்கொள்கிறவர்களை எடுப்பது இன்னொரு வழி. மனைவி, மருமகள், மூத்த மகள். அவர்கள் இருப்பார்கள். ஆனால் இறப்புக்குப் பிறகு அவர்களிடம் பேசப் போகிறாய் என்றால், காரியம் முடிவதற்கு முன்னால் கேள்வித்தாளோடு அந்தத் தெருப் பக்கமே போகாதே. சில வாரம் கழித்துப் போ, உட்கார், காபி குடி. பேசுவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

9 மே

இது கொஞ்சம் நீளும். சம்மதம்.

ஆய்வு நெறிப்படி நோயாளிக்கு எல்லாம் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாசலிலேயே மகன் நிறுத்துவான். "சிஸ்டர், அப்பாவுக்கு கேன்சர்னு தெரியாது. அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம்." உன் கையில் இருக்கிற தாளின் முதல் வரியிலேயே 'புற்றுநோயாளிகளின்' என்று இருக்கிறது. என்ன செய்வாய்?

பல ஆய்வுகள் இந்த வீட்டைத் தவிர்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகின்றன. 'நோய் பற்றி அறிந்தவர்கள் மட்டும்' என்று சேர்ப்பு விதியில் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதியதுமே நம் ஊர்க் குடும்பங்களில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. மிச்சம் இருப்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், டவுனில் இருப்பவர்கள். அவர்களை வைத்து எழுதிவிட்டு வட ஆற்காட்டு நோயாளி என்று தலைப்புப் போடுகிறோம்.

அப்பாவுக்குத் தெரியாது என்பதும் பெரும்பாலும் மகனுடைய நம்பிக்கைதான். ஓர் ஆயா இருந்தார். மருமகள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நேரத்தில் என் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியும்னு இவங்களுக்குத் தெரிய வேணாம், பாவம் பயந்துக்குவாங்க" என்றார். ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு ஒரே அறையில் பொய்யோடு படுத்திருக்கிறார்கள்.

நான் செய்வது: மகனிடம் முதலில் பேசு. பொய் சொல்ல மாட்டேன், கேட்காததைச் சொல்லவும் மாட்டேன் என்று சொல். பிறகு அப்பாவிடம், "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சிக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேள். பதில் "பையன்கிட்ட சொல்லுங்க" என்றால் அதுவும் அவருடைய முடிவு. சம்மதத் தாளில் நோயின் பெயரைத் தலைப்பாகப் போடாமல், 'நீண்ட நாள் வலி இருப்பவர்களுக்கு வீட்டில் நர்ஸ் கவனிப்பு' என்று எழுதலாம். அது பொய்யில்லை. எத்திக்ஸ் கமிட்டிக்கு ஏன் அப்படி எழுதினாய் என்று ஒரு பக்கம் விளக்கம் கொடு. ஒரு தடவை வாங்கிய கையெழுத்தை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் கேள்வி கேட்காதே. ஒவ்வொரு முறையும், "இன்னிக்கிப் பேசலாமா?" என்று கேட்டுவிட்டு ஆரம்பி.

9 மே, இன்னும் ஒன்று

அதே ஆயா வீட்டில் கிளம்பும்போது ஒரு பை இலவம்பாடி முள் கத்திரிக்காய் கொடுத்தார்கள். எத்திக்ஸ் படிவத்தில் 'ஆய்வாளர் பெற்ற பலன்கள்' என்ற இடத்தில் எழுத வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை. எண்ணெய்க் கத்திரிக்காய் நன்றாக வந்தது.

13 மே

நாளை மறுநாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு. அந்தப் பக்க வீடுகளுக்கு இரண்டு நாள் போக முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்பின் கொடுத்தால் பழக்கமாகிவிடும், மயக்கத்திலேயே போய்விடுவார் என்று இந்த இழையிலேயே ஒரு நர்ஸ் எழுதியிருப்பதைப் பார்த்து வருத்தமாக இருந்தது. சிசிலி சாண்டர்ஸ் டாக்டராவதற்கு முன்னால் நர்ஸ். லண்டனில் செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்தில் தொண்டு நர்ஸாக வேலை பார்த்தபோது, அங்கே இருந்த நர்ஸ்கள் வலி வந்து கத்தும் வரை காத்திராமல், நேரம் பார்த்து வாய்வழியாக மார்பின் கொடுப்பதைப் பார்த்தார். பிறகு டாக்டருக்குப் படித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டி, இப்படிக் கொடுத்தால் அடிமையாவதில்லை, அளவு கட்டுமீறி ஏறுவதும் இல்லை என்று எழுதினார். 1967-ல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் (கடைசிக் காலத்தில் இருப்பவர்களைக் கவனிக்கும் இல்லம்) வந்தது. பெயர் தெரியாத வார்டு நர்ஸ்களின் வழக்கம்தான் இன்று உலகம் முழுக்க நடக்கும் நாலு மணி நேர டோஸுக்கு ஆரம்பம்.

நம் நாட்டில் தடை வேறு இடத்தில் இருந்தது. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிகள் மார்பின் வைத்திருக்கவே பயந்தன. ஒரு புட்டிக்குப் பல லைசென்ஸ். கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் இயக்கத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் வருடக்கணக்கில் போராடித்தான் 2014-ல் அந்தச் சட்டத்தில் திருத்தம் வந்தது.

நர்ஸுக்கு இதில் உள்ள வேலை: மலச்சிக்கல் மாத்திரை அதே சீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது. படுக்கும்போது இரட்டை டோஸ் டாக்டர் எழுதியிருந்தால், அது நடுராத்திரி எழுப்பாமல் இருக்கத்தான் என்று வீட்டில் புரியவைப்பது. 'மருந்து ஒத்துக்கல' என்று நிறுத்திவிட்ட வீடுகளில் விசாரித்தால், நான் பார்த்தவரை பலருக்கு ஐந்து நாளாக மலம் போகவில்லை என்பதுதான் காரணம். இதை முறையாக எண்ணிப் பார்த்தால் நல்ல ஆய்வு. யாரும் ரசிக்காத தலைப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

14 மே

ஒரு வாரமாக டீச்சிங்கைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பழைய தோழி போனில் பிடித்துக்கொண்டாள். அவள் ஆய்வும் அதுதான்.

யோசித்தால், வீட்டுப் பராமரிப்பில் பாதி வேலை சொல்லிக்கொடுப்பதுதான். நாம் வாரத்துக்கு ஒரு தடவை போகிறோம், மீதி நாள் எல்லாம் அவர்கள் கைதான். எனக்குப் பிடிக்காதது மார்க்கை அளப்பது மட்டும். கையை அள. மருமகள் கையுறை போட்டு, பழைய கட்டுத் துணியை நனைத்து எடுத்து, புண்ணைக் கழுவி, புதுத் துணி வைக்கிறாளா? படிப்படியாக டிக் அடி. ஒரு வாரம் கழித்துப் போய்த் திரும்ப அடி.

சர்க்கரைதான் எடுத்தாக வேண்டும் என்றால் வேலூர் பக்கத்துக் கரிகிரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா. 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆஸ்பத்திரி. தொழுநோயில் காலும் கையும் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி போனதால் அடிபட்டும் தெரியாமல் நடந்து நடந்துதான் போகின்றன என்று காட்டிய பால் பிராண்ட் வேலை பார்த்த ஊர் இது. தொழுநோயில் சொல்லித் தரும் பாடம்: தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவை, காய்த்ததைத் தேய், ஈரம் காயும் முன் எண்ணெய் தடவு, மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடு. செருப்புப் பாடம் உணர்ச்சி போன சர்க்கரைக் காலுக்கும் இதேதான், ஆனால் ஊறவைப்பதும் வீட்டிலேயே தேய்ப்பதும் சர்க்கரைக் காலுக்கு வேண்டாம். நாற்பது கேள்வி எதற்கு? பாதத்தைத் திருப்பிப் பார். வெடிப்பு, காய்ப்பு, புதுக் காயம். செருப்பு வாசலில் தேய்ந்து கிடக்கிறதா, பெட்டியில் புதுசாகப் பத்திரமாக இருக்கிறதா என்றும் பார்.

17 மே

அக்கினி நட்சத்திரம். டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றி யாருமே கேட்கவில்லை, ஆச்சரியம். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் நடந்த ஊரில் இருக்கிறோம்.

வெளியே வெயில் கொளுத்துகிறது, இவர்களுக்கு அளந்துதான் தண்ணீர். 'தண்ணி குறைச்சிக் குடி' என்று எல்லாரும் சொல்கிறோம், தாகத்துக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. தாகத்தைக் கிளப்புவது உப்பு. கூழுக்கு ஊறுகாய், மோருக்கு உப்பு, கருவாடு. இதை வீட்டோடு உட்கார்ந்து குறைத்தால் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறும் எடை குறைகிறதா? எடையை எப்படியும் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறார்கள், புதிதாக அளக்க எதுவும் இல்லை. ஐஸ் கட்டி சப்பலாம், ஆனால் அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான்.

இளநீர் குடிக்கலாமா என்று கேட்டிருப்பவருக்கு: வேண்டாம். பொட்டாசியம் அதிகம், இதயத்தைப் பாதிக்கும். வெயிலுக்கு நல்லது என்று உறவுக்காரர் சீவிக் கொண்டுவந்து தருவார், அவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

20 மே

போனிலேயே பாலியேட்டிவ் கேர் கொடுக்க முடியுமா என்ற கேள்விக்கு. மேரி பாக்கிடாஸ் என்ற நர்ஸ் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் கிராமப்புறத்தில் 322 புற்றுநோயாளிகளை வைத்துச் செய்தது 2009-ல் வந்தது. நர்ஸ்கள் பெரும்பாலும் போனில்தான் பேசினார்கள். வாழ்க்கைத் தரமும் மனநிலையும் மேம்பட்டன. ஆஸ்பத்திரி நாள்கள் குறையவில்லை, வலி முதலியவற்றின் தீவிரமும் பெரிதாகக் குறையவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள் என்பதால் எனக்குப் பிடிக்கும்.

இங்கே அதை அப்படியே செய்ய முடியாது. போன் பையனிடம் இருக்கும், பையன் ராணிப்பேட்டையில் ஷிப்டில் இருப்பான். நமக்கு இருப்பது வேறு வசதி: 2021 ஆகஸ்ட் 5-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையோடு வீட்டுக்கே ஆள் போகிறது, பாலியேட்டிவ் நர்ஸும் போகிறார். அவர்கள் நோட்டில் என்ன எழுதுகிறார்கள், அதில் எது யாருக்காவது பயன்படுகிறது என்று பார்த்தாலே ஒரு தீசிஸ்.

23 மே

தலைப்பு முடிவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். புற்றுப் புண்ணின் நாற்றம். நல்லது, கைடு ஒத்துக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவது புது விஷயமில்லை, ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிகள்தான் அந்த நாற்றத்துக்குக் காரணம் என்பதும் தெரிந்ததே. நீ பார்க்க வேண்டியது வீட்டில் என்ன மாறுகிறது என்பதை. நாற்றத்துக்கும் பூஜ்யம்-பத்து கேட்பாய், கேள். கூடவே இதையும் எழுது: அவர் எங்கே படுத்திருக்கிறார், உள் அறையா திண்ணையா. தட்டு எங்கே வைக்கிறார்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஊதுவத்தி ஒரு நாளைக்கு எத்தனை. வாய்ப் புற்று இருந்த ஒருவர் வீட்டில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனித் தட்டு, தனி டம்ளர். பொடி போட ஆரம்பித்த கொஞ்ச நாளில் கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, அவர்களே நகர்த்தியிருந்தார்கள். எந்த அளவுகோலில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பகல் பதினோரு மணிக்குப் போகாதே, எல்லாரும் நூறு நாள் வேலையில் இருப்பார்கள், நோயாளி மட்டும்தான் இருப்பார், அவருக்கு வாசல் வரை வர முடியாது. சாயங்காலம் ஐந்துக்கு மேல் போ. எத்திக்ஸ் கமிட்டி கேள்வி கேட்டால் இங்கேயே போடு. மார்பினைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவர்களில் இரண்டு பேர் கமிட்டிகளில் உட்கார்ந்தவர்கள், எழுத்து நடையைப் பார்த்தாலே தெரிகிறது.